மீதி ஒரு சதவீதம் என்ன? செல்லுக்குக் கொடுக்க ஒரு லிப்போபெப்டைடு செய்யும் முறை

நான் பெப்டைடு, அதாவது அமினோ அமிலச் சங்கிலி, செய்கிறவள். அதில் கொழுப்பு வால் ஒட்டினால் லிப்போபெப்டைடு. ரெசின், டி.எம்.எஃப்., பைப்பரிடின் நாற்றம் என்று பதினோரு வருடம் ஓடிவிட்டது. அதில் கடைசி ஏழு வருடம் நோயெதிர்ப்பு ஆய்வகம் ஒன்றில். சுற்றிலும் செல் வளர்ப்பவர்கள், ஃப்யூம் ஹூட் பக்கம் நான் ஒருத்திதான். ஆண்டுதோறும் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்த யாராவது ஒருவர் என்னிடம் வந்து சேருவார். கலவையைப் பிரிக்கும் காலம் (column) ஓட்டத் தெரியும், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். படிக்கத் தெரியும். இரண்டாவது மாதம், சுத்தத்தை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் தாளை நீட்டி, "99 சதவீதம் வந்துருச்சு மேடம்" என்பார். "மீதி ஒன்று என்ன?" என்று கேட்பேன். ஒரு குடம் பாலைத் தயிராக்க ஒரு ஸ்பூன் மோர் போதும். நோயெதிர்ப்பு செல்லும் அப்படித்தான்: 99-ஐ விட்டுவிட்டு அந்த ஒன்றுக்குப் பதில் சொல்லும்.

இது எனக்கு மட்டும் வந்த கவலையில்லை, துறையின் பழைய கவலை. தடுப்பூசியில் வெறும் புரதத்தை ஏற்றினால் உடல் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கூடவே படிகாரம் போன்ற உப்போ, செத்த பாக்டீரியாவோ சேர்த்தால்தான் வேலை நடக்கும். யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே 1989-இல் இதை நோயெதிர்ப்பியலாளர்களின் 'அழுக்கு ரகசியம்' என்றே சொன்னார். அந்த அழுக்கில் எந்த மூலக்கூறு வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டுவதில் வேதியியலுக்குப் பெரிய பங்கு உண்டு. பாக்டீரியா உறையிலுள்ள எண்டோடாக்ஸினில் விஷப் பகுதி எது என்ற சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் ஒசாகாவில் ஷிபா, குசுமோட்டோ குழுவினர் ஈ. கோலை பாக்டீரியாவின் எண்டோடாக்ஸினிலுள்ள கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏ-யை முழுக்கப் பிளாஸ்கில் கட்டினார்கள். பாக்டீரியாவே தொடாத அந்தப் பொடி இயற்கைச் சரக்கைப் போலவே காய்ச்சலைக் கிளப்பியது. அப்புறம் யாரும் பேசவில்லை.

இன்னொரு கதை நம் பாடத்துக்கு இன்னும் நெருக்கம். 1998-இல் எண்டோடாக்ஸினை உணரும் ஏற்பி (கிருமியின் துண்டைப் பிடிக்கும் செல் புரதம்) டி.எல்.ஆர்.2 என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. அதே ஆண்டு புரூஸ் பாய்ட்லர் குழு, எண்டோடாக்ஸினுக்கு அசையாத எலி ஒன்றில் கெட்டுப்போயிருப்பது டி.எல்.ஆர்.4 மரபணு என்று காட்டியது. 2000-இல் அதே எண்டோடாக்ஸினை ஃபீனால் கொண்டு மறுபடி கழுவிப் பார்த்தபோது டி.எல்.ஆர்.2 வேலை மறைந்துபோனது. பொடியில் கொஞ்சம் லிப்போபுரதம் (கொழுப்பு வாலுள்ள பாக்டீரியாப் புரதம்) ஒட்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் இங்கே செய்யப்போவது அந்த லிப்போபுரதத்தின் செயற்கை நுனியை.

எதைச் செய்கிறோம்

மூலக்கூறின் பெயர் பாம்2சிஎஸ்கே4. இரண்டு பால்மிட்டிக் அமில வால்கள் ஒரு கிளிசரால் வழியாக சிஸ்டீனின் கந்தகத்தில் தொங்கும். அதன் பின்னால் ஒரு செரின், நான்கு லைசின். செல்லின் மேல் டி.எல்.ஆர்.2-உம் டி.எல்.ஆர்.6-உம் சேர்ந்து இதைப் பிடிக்கும். சிஸ்டீனின் நைட்ரஜனில் மூன்றாவது வாலும் இருந்தால் அது பாம்3சிஎஸ்கே4. அதைப் பிடிப்பது டி.எல்.ஆர்.2-உம் டி.எல்.ஆர்.1-உம். ஒரு வால் கூடினால் ஏற்பியின் ஜோடியே மாறுகிறது. ஈ. கோலையின் லிப்போபுரத நுனியை 1983-இல் டூபிங்கனில் யுங், வீஸ்முல்லர் ஆகியோரும் பெஸ்லரும் செயற்கையாகச் செய்தார்கள். நான்கு லைசின் இயற்கையில் கிடையாது. கொழுப்பு வால் தண்ணீரில் கரைய வேண்டுமே, அதற்காக ஒட்டிய கைப்பிடி அது. பின்னால் இதே கைப்பிடி நமக்குத் தலைவலி கொடுக்கும், சொல்கிறேன்.

இரண்டு வாலும் ஏற்கனவே ஏறிய சிஸ்டீனைத்தான் (பாம்2சிஸ்டீன்) வாங்குகிறோம். வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். கிளிசராலின் நடுக் கார்பனுக்கு ஆர், எஸ் என்று இரண்டு வடிவம் உண்டு. செல்லுக்குப் பிடித்தது ஆர். கலப்பு மலிவு. ஆனால் அந்தப் பொடியில் வேலை செய்யும் பங்கு எவ்வளவு என்பது மங்கலாகிவிடும். காசு இருந்தால் ஆர் வாங்குங்கள்.

ரெசினில்

0.05 மில்லிமோல் அளவு போதும். முதல் லைசின் ஏறிய வாங் ரெசின் (சங்கிலி வளரும் பிளாஸ்டிக் மணிகள்), கிராமுக்கு 0.5 மில்லிமோல் என்றால், 100 மில்லிகிராம். பிளாஸ்டிக் சிரிஞ்சில் ஃபில்டர் வைத்து, டி.எம்.எஃப். கரைப்பானில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அமீனை மூடியிருக்கும் எஃப்மாக் குழுவை எடுக்க 20 சதவீத பைப்பரிடின், 5 நிமிடம் ஒரு தரம், 10 நிமிடம் ஒரு தரம். கழுவுங்கள். அடுத்த லைசின் 94 மில்லிகிராம், இணைப்பைத் தூண்டும் எச்.பி.டி.யு. 74 மில்லிகிராம், காரமான டி.ஐ.பி.இ.ஏ. 70 மைக்ரோலிட்டர்: டி.எம்.எஃப்.-இல் கலந்து ஊற்றி முக்கால் மணி நேரம் ஆட்டுங்கள். எச்.பி.டி.யு. அமினோ அமிலத்தைவிட ஒரு பொடி குறைவாகவே இருக்கட்டும். மிஞ்சினால் அது பெப்டைடின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டு சங்கிலியை அங்கேயே நிறுத்திவிடும்.

ஒவ்வொரு கப்ளிங்குக்கும் (இணைப்புக்கும்) பிறகு நாலு மணி ரெசினை எடுத்து நின்ஹைட்ரின் சோதனை. நீலமாக வந்தால் அமீன் பாக்கி இருக்கிறது, திரும்பச் செய்யுங்கள். மஞ்சள் என்றால் சரி. இதைத் தாண்டிப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கருவியில் செய்தாலும் இந்த ஒரு சோதனையைக் கையால் செய்யச் சொல்வேன்.

மூன்று லைசின், பிறகு செரின். கடைசியில் எஃப்மாக்-பாம்2சிஸ்டீன். இது விலை கூடியது, அதனால் 1.5 மடங்கு மட்டும், 67 மில்லிகிராம். டி.எம்.எஃப்.-இல் இது கரையாமல் மெழுகுபோல மிதக்கும். டைகுளோரோமீத்தேனும் டி.எம்.எஃப்.-உம் பாதிக்குப் பாதி கலந்தால் கரைந்துவிடும். இதற்கு எச்.பி.டி.யு.வுக்குப் பதில் டி.ஐ.சி.யும் ஆக்ஸிமாவும் போட்டு ராத்திரி முழுக்க ஆட விடுங்கள். காலையில் நின்ஹைட்ரின் மஞ்சளாக இருந்தால் நல்ல நாள்.

இந்த இடத்தில் ரெசினை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டைகுளோரோமீத்தேனில் கழுவி உலர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு அது வேண்டும்.

மற்ற பாதியில் எஃப்மாக்கை எடுத்துவிட்டு ரெசினிலிருந்து வெட்டலாம்: டி.எஃப்.ஏ. அமிலம் 95, தண்ணீர் 2.5, டி.ஐ.எஸ். 2.5, இரண்டரை மணி நேரம். டி.எஃப்.ஏ. தோலில் பட்டால் சுட்டுவிடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம். சாதாரண பெப்டைடு என்றால் குளிர்ந்த ஈத்தரில் வெள்ளையாக இறங்கும். இதற்குக் கொழுப்பு வால் இருப்பதால் பாதி ஈத்தரிலேயே நின்றுவிடும். ஈத்தரைக் கொட்டிவிட்டு அழுத ஒரு பையனை எனக்குத் தெரியும். டி.எஃப்.ஏ.வை நைட்ரஜன் ஊதி முடிந்தவரை ஓட்டிவிட்டு, கொஞ்சம் ஈத்தர் மட்டும் விடுங்கள். ஈத்தரை வைத்திருங்கள். மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறின் எடை காட்டும் கருவி) பார்க்கும்வரை எதையும் கொட்டாதீர்கள்.

சுத்திகரிக்க சி18 காலம் வேண்டாம். ஏறினால் இறங்காது. சி4 போடுங்கள். மாஸ் ஸ்பெக்கில் இரட்டை மின்னூட்ட உச்சி 636.5-இல் வர வேண்டும். 644.5-இல் ஒரு குட்டி உச்சி தெரிந்தால் கந்தகம் ஆக்ஸிஜனைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய ஈத்தரைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். டெர்ஷியரி பியூட்டனாலும் தண்ணீரும் கலந்து உறைய வைத்து உலர்த்தினால் பஞ்சுபோலப் பொடி கிடைக்கும்.

நிறுப்பதற்கு முன் ஒரு கணக்கு. எச்.பி.எல்.சி. முடிந்து வரும் பொடி டி.எஃப்.ஏ. உப்பு. நான்கு லைசினும் நுனியும் சேர்த்து ஐந்து அமீன், ஐந்து டி.எஃப்.ஏ. பெப்டைடு 1272, டி.எஃப்.ஏ. ஐந்து மடங்கு 114. எடையில் 31 சதவீதம் உப்புதான். 1 மில்லிகிராம் நிறுத்தேன் என்று நீங்கள் எழுதும்போது கையில் இருப்பது சுமார் 0.7. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து இரண்டு மூன்று தடவை உறைய வைத்து உலர்த்தினால் குளோரைடு உப்பாக மாறும். செல்லுக்கும் அது நல்லது.

செல் பார்க்கும் சுத்தம்

எண்டோடாக்ஸின் எங்கும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில், கையில், கிளறு காந்தத்தில், 'சுத்தம்' என்று ஒட்டியிருக்கும் பாட்டிலில். என்.எம்.ஆர்., எச்.பி.எல்.சி. இரண்டிலும் தெரியாத அளவே மனித மோனோசைட்டுக்கு (ஒரு வகை வெள்ளை அணு) போதும், மில்லிலிட்டருக்கு சில பத்து பிக்கோகிராம். ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்ஸினைத் தொடாது. கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரி அவனில் 30 நிமிடம் வறுக்க வேண்டும். கிளறு காந்தத்தின் டெஃப்லானை அந்தச் சூட்டில் வைக்காதீர்கள். புதிதாக வாங்கி, இந்த வேலைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட கதை இது. வேறொரு ஆய்வகத்தில், சேர்ந்த இரண்டாம் வருடம். வால் இல்லாத வெறும் பெப்டைடு ஒன்றை கன்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க, செய்தேன். டி.எல்.ஆர்.2 வைத்த செல்லில் ஒன்றும் இல்லை, எதிர்பார்த்தபடி. ஆனால் ரத்த செல்களில் போட்டால், செல் தூண்டப்பட்டதைக் காட்டும் ஐ.எல்.6 புரதம் கொட்டுகிறது! புது ஏற்பி கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு மாதம் மிதந்தேன். அம்மாவிடம்கூடப் போனில் சொல்லிவிட்டேன். கடைசியில் பக்கத்து மேஜைக்காரி, "டாக்242 போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டாள். டி.எல்.ஆர்.4-ஐ மட்டும் அடைக்கும் மருந்து அது. 1 மைக்ரோமோலார் போட்டதும் என் கண்டுபிடிப்பு பூஜ்யம் ஆனது. எச்.பி.எல்.சி. கரைசலுக்கு நான் தண்ணீர் பிடித்தது சுவரோரத் தொட்டியில். அதன் குழாய்க்குள் வழுவழுவென்று பாசி மாதிரி படிந்திருந்தது.

இதிலிருந்து கற்ற கணக்கு ஒன்று உண்டு. என் மூலக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 100 எண்டோடாக்ஸின் யூனிட், அதாவது சுமார் 10 நானோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். பாம்2சிஎஸ்கே4-ஐ 1 மில்லிகிராம் கரைசலிலிருந்து 100 நானோகிராமுக்குக் கொண்டுவர 10,000 மடங்கு நீர்க்கிறோம். எண்டோடாக்ஸின் 1 பிக்கோகிராம் ஆகிவிடும், செல் கவனிக்காது. ஆனால் வீரியமில்லாத கன்ட்ரோலை 50 மைக்ரோகிராமில் போட வெறும் 20 மடங்குதான் நீர்ப்போம். எண்டோடாக்ஸின் 500 பிக்கோகிராம் நிற்கும், செல் குதிக்கும். வீரியம் குறைந்த சேர்மத்தோடுதான் அழுக்கு அதிகமாகக் கூட வரும். கன்ட்ரோலைத்தான் மருந்தைவிடச் சுத்தமாகச் செய்ய வேண்டும்.

அளப்பது குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல். கிட்டால், அல்லது அதிலுள்ள ஃபேக்டர் சி புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் உருவாக்கிய கிட்டால். பின்னதற்கு வழி காட்டியது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங், ஹோ போ ஆகியோரின் வேலை. நண்டுக்கும் நிம்மதி. நான் இப்போது அதைத்தான் வாங்குகிறேன்.

இங்கேதான் நான்கு லைசின் தலைவலி வருகிறது. லைசினுக்கு நேர் மின்னூட்டம், எண்டோடாக்ஸினுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டால் கிட்டுக்கு எண்டோடாக்ஸின் தெரியாது, சுத்தம் என்று பொய் சொல்லும். அதனால் உங்கள் கரைசலில் தெரிந்த அளவு எண்டோடாக்ஸினை வேண்டுமென்றே சேர்த்து ஒரு குழாய் ஓட்டுங்கள். சேர்த்ததில் 50-லிருந்து 200 சதவீதத்துக்குள் திரும்ப வந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். வராவிட்டால் இன்னும் நீர்த்து மறுபடி பாருங்கள்.

செல்லிடம் கேட்பது

ஹெக்-புளூ டி.எல்.ஆர்.2 செல்களைப் பயன்படுத்துகிறோம். ஏற்பி தூண்டப்பட்டால் இந்தச் செல்கள் ஒரு ஃபாஸ்ஃபேட்டேஸ் நொதியை வெளியே விடும், அதற்கான வினைபொருள் இளஞ்சிவப்பிலிருந்து நீலமாகும். சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சுட வைத்துத்தான் சேர்க்க வேண்டும். சீரத்திலேயே அந்த வகை நொதி உண்டு.

96 வெல் பிளேட்டில் வெல்லுக்கு 50,000 செல், 180 மைக்ரோலிட்டர். மேலே 20 மைக்ரோலிட்டர் சேர்மம். மில்லிலிட்டருக்கு 1000 நானோகிராமிலிருந்து 0.001 வரை பத்து பத்து மடங்காக இறக்குங்கள். லிப்போபெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டும். ஒட்டாத வகை டியூப் வாங்குங்கள், ஒவ்வொரு படியிலும் நன்றாகச் சுழற்றுங்கள், பிப்பெட் முனையை மாற்றுங்கள். ஒரே முனையில் இறக்கினால் வளைவு அழகாக வரும், ஆனால் பொய்யாக வரும். நேற்று நீர்த்ததை இன்று எடுக்காதீர்கள். ஒரு இரவு 37 டிகிரியில் இருக்கட்டும். மறுநாள் மேல் திரவத்தில் 20 மைக்ரோலிட்டரை வினைபொருளில் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் 640 நானோமீட்டரில் படியுங்கள். என் கையில் பாதி உச்சம், அதாவது உச்சத் தூண்டலில் பாதியைக் கொடுக்கும் அளவு, 0.1 நானோகிராம் பக்கத்தில் வரும். அடுத்தது ரத்த செல்கள். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும்.

கூடவே ஏற்பி இல்லாத தாய்ச் செல், டி.எல்.ஆர்.4 வைத்த செல், டாக்242, டி.எல்.ஆர்.2-ஐ அடைக்கும் ஆன்டிபாடி, வெறும் கரைப்பான். இடம் போதவில்லை என்றால் மருந்தின் அளவுகளைக் குறையுங்கள், கன்ட்ரோலைக் குறைக்காதீர்கள்.

வெளிச்சம் பட்டால் திறக்கும் பூட்டு

இதுவரை தூண்டினோம். எப்போது, எங்கே தூண்டுவது என்பதும் நம் கையில் இருந்தால்? 2014-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஆரன் எஸ்ஸர்-கான் குழு, டி.எல்.ஆர்.7/8-ஐத் தூண்டும் சேர்மத்தின் அமீனில் என்.பி.பி.ஓ.சி. என்ற குழுவை மாட்டியது. மாட்டியிருக்கும்வரை சேர்மம் ஊமை. 360 நானோமீட்டர் ஒளி பட்டால் குழு கழன்று விழும், சேர்மம் பேசும். 2017-இல் டி.எல்.ஆர்.2/6-க்கும் அப்படி ஒன்று வந்தது.

ஃப்ரிட்ஜில் வைத்த பாதி ரெசினை எடுங்கள். எஃப்மாக்கை நீக்கினால் மூலக்கூறில் திறந்திருக்கும் அமீன் நுனியில் ஒன்றே ஒன்றுதான், லைசின்கள் நான்கும் போக் என்ற இன்னொரு மூடியைப் போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. ரெசினில் இருக்கும்போதே பூட்டுவதன் அழகு இதுதான். வெட்டிய பிறகு முயன்றால் ஐந்து அமீனும் போட்டிக்கு நிற்கும். இனி மஞ்சள் விளக்கு மட்டும், டியூப்புக்கு அலுமினியத் தாள். என்.பி.பி.ஓ.சி. குளோரைடு, டி.ஐ.பி.இ.ஏ., டைகுளோரோமீத்தேன், இரண்டு மணி நேரம், பிறகு இன்னொரு தரம். எடை 207 கூடும். இரட்டை மின்னூட்ட உச்சி 740-இல்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பூட்டிய சேர்மத்தை 100 நானோகிராமில் போடுகிறீர்கள். அதில் பூட்டாதது 1 சதவீதம் இருந்தால் 1 நானோகிராம், பாதி உச்சத்தைப்போல் பத்து மடங்கு. இருட்டிலேயே செல் முழுசாகத் தூண்டப்பட்டுவிடும். பூட்டு வேலை செய்யவில்லை என்று நீங்கள் முடிவு கட்டுவீர்கள். 0.1 சதவீதம் இருந்தாலே பாதி உச்சம்.

பூட்டாததை ரெசினிலேயே அசிடைல் போட்டு மூடிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். சில பாக்டீரியாக்களின் லிப்போபுரதத்திலேயே நுனியில் அசிடைல்தான் இருக்கிறது, டி.எல்.ஆர்.2 அதையும் பிடிக்கும். மூடியதாக நினைத்தது இன்னொரு மருந்தாகிவிடும். வழி எச்.பி.எல்.சி. காலத்தில் (column) தான். பூட்டாத சரக்கு ஓடிய காலத்தில் பூட்டியதை ஓட்டவே ஓட்டாதீர்கள், புதுக் காலம் போடுங்கள். பூட்டாதது முன்னே இறங்கும், அதன் உச்சியின் வால் பூட்டியதன் உச்சியின் முன்பாதியில் கலக்கும். உச்சியின் பின்பாதியை மட்டும் பிடியுங்கள். விளைச்சல் போகும், போகட்டும்.

செல்லில் வைக்கும்போது நான் போடும் வரிசைகள்: பூட்டியது இருட்டில், பூட்டியது 365 நானோமீட்டர் எல்.இ.டி. வெளிச்சத்தில், பூட்டாதது இருட்டிலும் வெளிச்சத்திலும், வெளிச்சம் மட்டும், டியூப்பில் தனியாகத் திறந்து பிறகு ஊற்றியது. கடைசியாக, கழன்று விழும் துண்டு செல்லை என்ன செய்கிறது என்று பார்க்க, கிளைசினில் பூட்டு மாட்டி வெளிச்சம் காட்டியது. செல்லுக்குப் புற ஊதா நல்லதில்லை, எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை முதல் நாளே தனியாகப் பார்த்துவிடுங்கள்.

12-ஆம் வரிசையில் எப்போதும் செல்லோடு வெறும் தண்ணீர், மூலக் கரைசல் செய்த அதே பாட்டிலிலிருந்து. பிளேட்டை ரீடருக்குள் தள்ளும் முன் கையில் தூக்கி அந்த வரிசையைப் பாருங்கள். அங்கே நீலம் தட்டியிருந்தால் மற்ற பதினொன்றையும் படிக்காமல் பிளேட்டைக் கழிவில் போட்டுவிட்டு, புதுத் தண்ணீர் பாட்டிலை உடையுங்கள்.